தோண்டும்போது கேபிளிலோ குழாயிலோ பட்ட அனுபவம் உண்டா?

களமேற்பார்வை:
வேளச்சேரிப் பக்கம் மழைநீர் வடிகால் வேலை. இரவு பதினொன்றரை மணி, விடிவதற்குள் முப்பது மீட்டர் முடித்தாக வேண்டும். கறுப்புக் களிமண்ணாகவே வந்துகொண்டிருந்த இடத்தில் ஜேசிபி வாளியிலிருந்து கொஞ்சம் ஆற்றுமணல் உதிர்ந்தது. மண் அள்ள வந்திருந்த அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "தம்பி, இங்கே ஏது ஆற்றுமணல்?" என்று கேட்டார். அடுத்த வாளியில் பாதிச் செங்கல். பழைய சுவராக இருக்கும், தோண்டுங்கள் என்றேன். கேபிளுக்கு மணல் படுக்கை போட்டு, மேலே செங்கல் அடுக்குவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? நீலமாக ஒரு வெளிச்சம், பிறகு தெரு முழுக்க இருட்டு. யாருக்கும் காயமில்லை. ஓட்டுநர் இறங்கவேயில்லை, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஓய்வுபெற்ற மின் ஊழியர்:
முழுப் பழியையும் நீங்களே சுமக்க வேண்டாம். 11 கேவி (11,000 வோல்ட்) கேபிள் 0.9 மீட்டர், 33 கேவி 1.05 மீட்டர் ஆழம் என்கிறது இந்தியத் தர விதி. அது கேபிள் போட்ட அன்றைய தரைமட்டக் கணக்கு. பிறகு ஓரத்து மண்ணை வழித்துவிட்டால்? இரண்டு சாண் ஆழத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். இனி வேலை எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: 2023 மார்ச்சில் மத்திய அரசு தொடங்கிய 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில், தோண்டப்போகும் இடத்தை முன்கூட்டியே பதியுங்கள். அதோடு நிற்காமல் மின்வாரிய உதவிப் பொறியாளரை நேரில் அழைத்து வந்து காட்டுங்கள். குறுக்காகச் சோதனைக் குழி எடுங்கள், கையால். மணலைக் கண்டுவிட்டால் கடப்பாரை ஆகாது, மெதுவாக வழித்தெடுங்கள்.

வாசல்திண்ணை:
எங்கள் வீட்டு வாசலில் குடிநீர் இணைப்புக்குத் தோண்டியவர் மஞ்சள் எரிவாயுக் குழாயைக் குத்திவிட்டார். குக்கர் விசில் நிற்காமல் அடிப்பதுபோல் சத்தம், கூடவே நாற்றம். என் மகன் நகர்த்துவதற்காகப் பைக்கில் சாவியைப் போட்டுவிட்டான். திருக வேண்டியதுதான் பாக்கி. நான் கத்திய கத்தல் எனக்கே வேறு யாரோ கத்தியதுபோல் கேட்டது. பைக்கை அப்படியே விட்டுவிட்டுக் காற்று வரும் பக்கமாக ஓடினோம்.

மண்வெட்டி:
செயலியில் பதிந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, ஐயா. நான் சிங்கப்பூரில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவர் வந்து குறி போட்ட பிறகுதான் எங்களைக் குழியில் இறக்குவார்கள். அப்படியும், கருவி ஒன்றுமில்லை என்று காட்டிய இடத்தில் என் மண்வெட்டி கேபிளைத் தட்டியது. மின்சாரம் ஓடாத கேபிள் தானாகச் சிக்னல் தராது. கம்பி சேர்த்துப் புதைக்காத பிளாஸ்டிக் குழாயை அந்தக் கருவியால் பிடிக்கவே முடியாது.

களமேற்பார்வை:
ஐயா, உங்கள் ஆறுதலுக்கு நன்றி. ஆனால் அன்று ஆழம் சரியாகத்தான் இருந்தது. மணலும் செங்கல்லும் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தன. அக்கா சரியாகத்தான் கேட்டார். நான் அவருக்குப் பதில்கூடச் சொல்லவில்லை.