வறண்ட மலையில் எலிப்பொறி: எதைக் கவனிக்க வேண்டும்?

மலர்விழி, ஈசூன்:
இங்கே சிங்கப்பூரில், புக்கிட் தீமா பக்கத்துக் காட்டில், தேசியப் பூங்காக் கழக அனுமதியோடு நடந்த ஆய்வில் எலிப்பொறி வைத்துப் பழகியிருக்கிறேன். இங்கே எறும்புதான் பெரிய தொல்லை. ஜனவரியில் ஜவ்வாது மலை அடிவாரப் புதர்க்காட்டுக்கு ஒரு குழுவோடு போகிறேன். எலியை உயிரோடு பிடிக்கும் அதே மடக்கு அலுமினியப் பெட்டிகள்; இரையும் அதே வேர்க்கடலை வெண்ணெய், ஓட்ஸ். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஆறுமுகம், பிடோக்:
நான் திருப்பத்தூர்க்காரன். இரையை மாற்ற வேண்டாம். எங்கள் ஊர் எலிக்கு ஓட்ஸ் தெரியாவிட்டாலும் கடலை வாசனை தெரியும். அங்கே எமன் வெயில்தான். பொழுது ஏறினால் அலுமினியப் பெட்டி இட்லிப் பானையாகிவிடும். விடிந்தும் விடியாததுமாகச் சுற்றைத் தொடங்கி, பார்த்த பொறியை அப்போதே மூடிவிடுங்கள். வெயில் தாழ்ந்தபின் திறந்தால் போதும். உங்களுக்கு வேண்டியவை பெரும்பாலும் இரவில் நடமாடுபவைதான். மூஞ்சூறு மாட்டினால் முதலில் அதை விடுங்கள், பசி தாங்காது.

தை மாத இரவுக் குளிரையும் லேசாக எண்ணாதீர்கள். பெட்டிக்குள் பஞ்சு இல்லையென்றால் சுண்டெலி விறைத்துக் கிடக்கும்.

வெள்ளெலியை வால்நுனியில் பிடித்துத் தூக்கவே கூடாது. தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும். பொறியின் வாயில் துணிப்பையைப் பொருத்தி, எலியை உள்ளே விழச்செய்து, பையோடு நிறுத்து, பையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நர்மதா, செங்காங்:
நான் செவிலியர். வேலூர் வட்டாரத்தில் உண்ணிக் காய்ச்சல் உண்டு. எலியின் காதுக்குள் ஆரஞ்சுப் பொடிபோல அப்பியிருக்கும் குட்டி உண்ணிகள்தான் அதைப் பரப்புகின்றன. முழுக்கைச் சட்டை, கையுறை அவசியம். திரும்பிவந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், மலைக்குப் போனதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். இங்கே டெங்கி என்றுதான் முதலில் நினைப்பார்கள். இடுப்பு மடிப்பு, அக்குளில் உண்ணி கடித்த அடையாளமாக வலிக்காத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் டாக்சிசைக்ளின் மருந்துக்கு நன்றாகக் கேட்கும்.

மலர்விழி, ஈசூன்:
இருவருக்கும் நன்றி. பாறை இடுக்கில் பொறி வைக்கலாமா, ஐயா?

ஆறுமுகம், பிடோக்:
பாறை ஓரமாக வையுங்கள், எலி அதை ஒட்டித்தான் ஓடும். இடுக்குக்குள் கைவிடாதீர்கள், சுருட்டை விரியன் இருக்கும் இடம். எடுக்கும் முன் கோலால் சுற்றிலும் தட்டுங்கள். ஒவ்வொரு பொறிக்கும் எண் போட்டு, அருகிலுள்ள செடியில் வண்ணத் துணி கட்டுங்கள். வைத்தவை அத்தனையும் கணக்குக்கு வந்த பிறகுதான் காலைத் தேநீர்.