சாஸ்திரிகள் அன்றிரவே வந்தார்களா?

உவர்மலை வாசி:
வெள்ளிக்கிழமை வேதப்படிப்பில் மத்தேயு 2 வாசித்தோம். ஒருவர் அடித்துச் சொன்னார், இயேசு பிறந்த இரவே மேய்ப்பர்களும், நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து காணிக்கையோடு வந்த சாஸ்திரிகளும் சேர்ந்து தொழுவத்தில் நின்றார்களாம். ஏன் என்று கேட்டால், விசுவாசம் உள்ளவன் இப்படிக் கேட்கமாட்டான் என்று வாயை அடைத்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. லூக்கா 2:24ஐப் பாருங்கள். எருசலேம் ஆலயத்தில் மரியாள் கொடுத்தது இரண்டு புறா. லேவியராகமம் 12இன்படி, ஆண்பிள்ளை பெற்று 7 நாளும் 33 நாளும் கழிந்து, ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவள் கொடுக்கும் காணிக்கை அது. சாஸ்திரிகள் கொண்டுவந்த பொன் வீட்டில் இருந்தால் புறாவா கொடுத்திருப்பாள்? நாற்பது நாள் வரைக்கும் சாஸ்திரிகள் வரவில்லை. அவ்வளவுதான்.

பாலையூற்றுப் பிள்ளை:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் போடாமல் எழுதினால் ஊருக்குத் தெரியாதா? பொன் எவ்வளவு என்று மத்தேயு எழுதினாரா? ஒரு சின்ன காசாகவும் இருக்கலாம். ஏரோது ராஜாவுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடிய பயணத்துக்கு முடிந்து வைத்திருக்கலாம். ஏழைக் குடும்பம் கையிலிருப்பதை அன்றைக்கே செலவழிக்குமா?

உவர்மலை வாசி:
முடிந்து வைத்துக்கொண்டு ஏழையின் காணிக்கையைக் கொடுத்தால் அது கடவுளிடமே கணக்கை மறைப்பது. மரியாள் அப்படிச் செய்தாள் என்கிறீர்களா? புறாவுக்குப் பதில் சொல்லுங்கள்.

பாலையூற்றுப் பிள்ளை:
மாதாவைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் தம்பி. உங்கள் வீட்டில் மாதாவின் பெயர் வருஷத்தில் டிசம்பரில் மட்டும்தான் கேட்கும்.

உவர்மலை வாசி:
இதுதான் உங்கள் வழி. வசனம் கேட்டால் சபையை இழுப்பீர்கள். எல்லாச் சபையும் சேர்ந்து படிப்போம் என்று தொடங்கிய குழு இது.

நிலாவெளி ரீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். மத்தேயுவில் மேய்ப்பரும் இல்லை, முன்னணையும் இல்லை. லூக்காவில் நட்சத்திரமும் இல்லை, ஏரோது தேடியதும் இல்லை. 2:39இல் ஆலயத்துக் காரியம் முடிந்ததும் அவர்கள் நாசரேத்துக்குத் திரும்புகிறார்கள், எகிப்தைப் பற்றி லூக்கா ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு கிழமை மத்தேயுவை மட்டும், அடுத்த கிழமை லூக்காவை மட்டும் வாசியுங்கள் என்று எத்தனை தரம் சொன்னேன். அன்றைக்கு மத்தேயு 2:18, ஏரோது பெத்லகேம் பிள்ளைகளைக் கொன்ற இடத்தில் ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிற வசனம் வந்ததும் ஒரு அம்மா எழும்பி வெளியே போனா. மகன் காணாமல் போன அம்மா. ஆறுதல் பெற மனமில்லாத தாய் என்று எரேமியாவின் சொல்லை மத்தேயு ஏன் பிறப்புக் கதைக்குள் கொண்டுவந்தார் என்று நாம் பத்து நிமிஷமாவது கதைத்தோமா? அந்தப் பகுதிதான் எங்களுடையது. நீங்கள் புறாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

உவர்மலை வாசி:
ரீச்சர், அந்த அம்மாவை நானும் பார்த்தேன், மனம் கஷ்டப்பட்டது. ஆனால் தவறாகச் சொன்னதைத் தவறு என்று சொல்லத்தானே வேண்டும்? புறாவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். பெத்லகேமிலிருந்து எருசலேம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர். ஏரோது பிள்ளையைக் கொல்லத் தேடுகிற நேரம், அவனுடைய நகரத்துக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்களா? முதலில் புறா, பிறகு பொன், பிறகு எகிப்து.

சல்லிக் கடல்:
அப்படிப் பார்த்தால் மாட்டையும் கழுதையையும் என்ன செய்வது அண்ணை? லூக்காவில் அவையும் இல்லை. ஏசாயா 1:3இலிருந்து வந்தவை என்கிறார்கள். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோவில் நத்தார் கொண்டாடியபோது உண்மையான மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். ஞானிகள், அதாவது இந்தச் சாஸ்திரிகள், மூன்று பேர் என்றும் எழுதவில்லை, காணிக்கைதான் மூன்று. எல்லாவற்றையும் நத்தார் குடிலிலிருந்து எடுத்தால் சின்னப்பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

பாலையூற்றுப் பிள்ளை:
குடிலில் யாரும் கைவைக்க வேண்டாம்! கந்தளாயிலிருந்து வைக்கோல் கொண்டுவந்தவர்கள் நாங்கள். அடைமழையில் தறப்பாள் பிடித்தவர்கள் நாங்கள். வசனம் கேட்கிறவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள்? ஞானிகள் வந்ததை நினைக்கும் திருக்காட்சி விழா சனவரியில் வருவது எங்களுக்குத் தெரியாதா? அதற்காக ஞானிகளை அதுவரைக்கும் பெட்டிக்குள் பூட்டி வைக்கவேண்டுமா?

உவர்மலை வாசி:
ஆக, விழா சனவரியில் என்று நீங்களே சொல்கிறீர்கள். பிறகு எப்படி அதே இரவு?

பாலையூற்றுப் பிள்ளை:
விழா வேறு, சம்பவம் வேறு. "இயேசு பிறந்தபொழுது" என்றுதான் மத்தேயு தொடங்குகிறார். அதுவும் போகட்டும், போன வருஷம் கரோலுக்கு எங்கள் ஒழுங்கையை மட்டும் விட்டுவிட்டுப் போனீர்களே, அதற்கு எந்த வசனம்?

உவர்மலை வாசி:
ஒழுங்கைக்குள் முழங்கால் அளவு வெள்ளம். லொறி திரும்பாது. அதை அன்றைக்கே சொன்னோம்.

பாலையூற்றுப் பிள்ளை:
நடந்து வந்திருக்கலாம். கிழக்கிலிருந்து ஞானிகள் எவ்வளவு தூரம் வந்தார்கள்! என் அம்மா பலகாரத்தை வைத்துக்கொண்டு பத்து மணிவரைக்கும் படலையில் நின்றா.

சல்லிக் கடல்:
சரி, வருகிற வெள்ளி யார் வீட்டில்?

பாலையூற்றுப் பிள்ளை:
எங்கள் வீட்டில். மத்தேயு மட்டும்தான் வாசிப்போம். ரீச்சரும் அப்படித்தான் சொன்னா. லேவியராகமத்தைக் கொண்டுவர வேண்டாம்.

உவர்மலை வாசி:
மத்தேயு என்றால் 2:16உம் அதில்தான் இருக்கிறது. சாஸ்திரிகளிடம் காலத்தை விசாரித்துவிட்டு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்று ஏரோது ஏன் கணக்குப் போட்டான்? அதை உங்கள் வீட்டில் வைத்தே கேட்பேன்.