புதுப்பிப்பு: துபாயில் நனைந்து இறங்கிய முண்டு மிளகாய்

கீழக்கரையிலிருந்து சி.ஐ.எஃப். விலையில் (சரக்கு விலையோடு இன்சூரன்ஸும் கப்பல் வாடகையும் சேர்ந்தது) அனுப்பிய மிளகாய் நனைந்துபோனது, நஷ்டம் யாருக்கு என்று கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது.

தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றியதுமே ரிஸ்க் வாங்குபவருடையது. வாடகையும் இன்சூரன்ஸும் நாம் கட்டுவதால் துபாய் வரை பொறுப்பும் நமதே என்று நம் பக்கம் பலர் பயப்படுகிறார்கள், அப்படியில்லை. ஆனால் சி.ஐ.எஃப். கேட்கும் குறைந்தபட்ச 'சி' வகை சரக்கு இன்சூரன்ஸ் பாலிசியில் தண்ணீர் புகுந்த சேதம் வராது. வாங்குபவர் சொல்லி, கவரேஜ் அதிகமுள்ள 'ஏ' வகை எடுத்திருந்தோம், க்ளெய்ம் அவர் பெயரில் போகிறது.

சேதத்தைப் பார்வையிட வந்த சர்வேயர் முதலில் கேட்டது, காய் நன்றாகக் காய்ந்திருந்ததா என்றுதான். ஈரக்காய் கன்டெய்னருக்குள் வியர்த்தால் அது சரக்கின் சொந்தக் குறை; எந்த வகையிலும் பணம் கிடையாது. நல்லவேளை, ஏற்றுமுன் எடுத்த ஈரப்பத ரிப்போர்ட் இருந்தது. கன்டெய்னர் கூரையில் துருப்பிடித்த ஓட்டையும் போட்டோவில் தெளிவாக இருந்தது.

அடுத்த லோடு எஃப்.சி.ஏ.வில் (வாங்குபவர் அமர்த்தும் கப்பல்காரரிடம் சரக்கை ஒப்படைக்கும் முறை) பேசுகிறோம். கன்டெய்னரை முனையத்தில் ஒப்படைத்ததோடு நம் ரிஸ்க் முடிந்துவிடும்.