சொல் தேவை: போட்டியில்லாப் பருவத்து ‘எக்ஸிபிஷன்’ ஆட்டம்

பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலில் ‘எக்ஸிபிஷன் கேம்’ என்பதற்கு நேரே ‘காட்சிப் போட்டி’ என்று போட்டிருக்கிறோம். நாளிதழ் வழக்கை அப்படியே எடுத்துக்கொண்டது அது. சிறு கல்லூரி அணிகளைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் ஒட்டவே இல்லை. மாற்றலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். கல்லூரி அணிகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி இலையுதிர்காலம் முழுக்கப் போட்டி ஆடுகின்றன. வசந்தகாலத்தில் பயிற்சி மட்டும்தான். பெரிய கல்லூரிகள் ஆடும் மேல்பிரிவான டிவிஷன் 1 அணிகளுக்கு 15 பயிற்சி நாட்கள். கடைசியில் ஒரே அணியை இரண்டாகப் பிரித்துத் தங்களுக்குள் ஆடிக்கொள்வார்கள். 2025 வசந்தத்தில் கொலராடோ பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ், சிராக்யூஸ் அணியை அழைத்து ஆட அனுமதி கேட்டார். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ மறுத்துவிட்டது. அதன் பிறகு, வேறு கல்லூரியோடு வசந்தத்தில் ஒரு ஆட்டம் வேண்டுமா என்ற பேச்சு பலமாகவே நடக்கிறது. பணமும் தொலைக்காட்சியும் இல்லாத சிறு கல்லூரிக்கு இந்த ஆட்டத்தில் ‘காட்சி’ என்று எதுவும் கிடையாது. வேறு சொல் வேண்டும்.

நொய்யல் எழுதியது:

> வேறு சொல் வேண்டும்

பொருநை ஐயா, இருக்கிற சொல்லை முதலில் பார்த்துவிடுவோமே. கிரிக்கெட் தொடருக்கு முன் ஆடுவதைப் ‘பயிற்சி ஆட்டம்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். அதையே இங்கும் வைத்தால் வாசகர் திணற மாட்டார்.

வன்னி எழுதியது:

இலங்கையில் உதைபந்தாட்டத்துக்குச் ‘சிநேகபூர்வ ஆட்டம்’ என்பதே பத்திரிகை வழக்கு. ஆனால் அது இரண்டு நாட்டு அணிகளோ கழகங்களோ போட்டித் தொடர்களுக்குப் புறம்பாக ஆடுவதைச் சொல்வது. இங்கே பேசுவது பருவத்துக்கு வெளியே, சோதனைக்காக ஆடும் ஆட்டம். ‘பயிற்சி ஆட்டம்’ என்றால் அணிக்குள்ளேயே பிரிந்து ஆடுவதும் அதற்குள் வந்துவிடும். இரண்டும் ஒன்றுதானா என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

மருதம் எழுதியது:

வன்னி கேட்டதுதான் சரியான கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. ஏன் என்று பார்க்க, சிறு கல்லூரிகளில் இன்றும் பலர் ஆடும் டிரிபிள் ஆப்ஷன் தாக்குமுறையை எடுத்துக்கொள்வோம். பந்தோடு ஓடப்போவது மூவரில் யார் என்பதை ஓடும்போதே முடிவுசெய்யும் முறை அது.

அதன் அடிப்படை, எதிரணியில் இரண்டு பேரைத் தடுக்காமலே விட்டுவிடுவது. லைன்மேன்கள் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்கள்) எடையில் குறைந்தவர்களாக இருக்கும் அணிக்கு இது வரப்பிரசாதம். மிகப் பலசாலியான எதிராளியைத் தொடவே வேண்டியதில்லை. நம் லைனின் ஓரத்தில் நிற்கும் டாக்கிள் தனக்கு நேரே அல்லது சற்று வெளியே நிற்பவரைத் தாண்டிப் போய், எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைத் தடுப்பார். விடப்பட்ட அந்த ஆள் என்ன செய்கிறார் என்று, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பார்க்கிறார். இதைத்தான் ‘படிப்பது’ என்கிறோம். பந்தைத் தன் பின்னாலிருந்து ஓடிவரும் ஃபுல்பேக்கின் வயிற்றில் வைத்து, அவரோடு ஒரு அடி நகர்ந்தபடியே முடிவெடுக்க வேண்டும். அந்த ஆள் ஃபுல்பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்தை உருவிக்கொள்ள வேண்டும். பாயாவிட்டால் விட்டுவிட வேண்டும். உருவிக்கொண்டு வெளியே ஓடினால் அடுத்து விடப்பட்ட ஆள் வருவார். அவர் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால் பந்து ‘பிட்ச்’ ஆக, அதாவது பக்கவாட்டில் எறியப்பட்டு, லைனின் ஓரத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் ஓட்டக்காரரான ஸ்லாட்பேக்குக்குப் போகும். அந்த ஸ்லாட்பேக் நான்கைந்து கெஜம் பக்கவாட்டிலும் ஒரு கெஜம் பின்னாலும் ஓடிவந்துகொண்டிருக்க வேண்டும். இவ்வளவும் ஓரிரு விநாடிகளுக்குள்.

சொந்த அணியின் தற்காப்பை எதிரே நிறுத்தி இதைப் பழகினால் மூன்று இடங்களில் பொய்யான விடை வரும்.

ஒன்று, குவார்ட்டர்பேக் ‘தொடாதே’ என்று காட்டும் தனி நிற ஜெர்சியில் இருப்பார். கை பட்டதும் விசில். அடி விழாது என்று தெரிந்தவர் பந்தை நிதானமாக உருவுவார், பிட்சை அழகாகப் போடுவார். அடி வாங்கிக்கொண்டே போடுவது வேறு வித்தை.

இரண்டு, எதிரே நிற்பவர்களுக்கு இந்த ஆட்டம் தினசரிச் சாப்பாடு. ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) எப்போது வரும், எந்தப் பக்கம் ஓடும் என்பது மனப்பாடம். பதிலி அணியோ அட்டையில் வரைந்து காட்டியபடி நிற்கும்: ‘இந்த முறை எண்ட் உள்ளே பாய வேண்டும்’ என்றால், தற்காப்பு முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் அந்த எண்ட் பாய்வார். நிஜ எதிராளி அப்படி முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். அரை அடி எடுத்து வைத்துத் தயங்கி நிற்பார். அல்லது எண்ட் உள்ளே பாய, அவர் முதுகுக்குப் பின்னால் லைன்பேக்கர் சுற்றி வெளியே வருவார். குவார்ட்டர்பேக் விதிப்படி சரியாகப் படித்து, பந்தை உருவி, நேராக லைன்பேக்கர் கையில் போய் விழுவார். கைமாறும் இடத்தில் இருவர் கையும் பந்தை இழுத்தால் பந்து தரையில். ஆப்ஷன் அணிகளின் ஃபம்பிள்களில் பல இங்கேதான் நடக்கின்றன.

மூன்று, இடுப்புக்குக் கீழே தடுப்பது. சொந்த அணியினரின் முழங்காலில் யாரும் பாய்வதில்லை, பாயவும் கூடாது. ஆகவே பின்பக்க லைன்மேன்களின் அந்த வேலை வசந்தம் முழுக்கப் பழகப்படாமலே கிடக்கும். 2022 விதிமாற்றத்துக்குப் பிறகு டாக்கிள் பெட்டிக்கு வெளியே அப்படித் தடுக்கவே கூடாது. அதாவது ஸ்னாப்பருக்கு இருபுறமும் ஐந்து கெஜத்துக்கு அப்பால். முன்பு ஓரத் தற்காப்பாளரான கார்னர்பேக்கின் காலில் விழுந்து தடுத்த ஸ்லாட்பேக், இப்போது திறந்தவெளியில் நிமிர்ந்து நின்று, நெஞ்சோடு நெஞ்சு மோதித் தடுக்க வேண்டும். அதைப் பழக்கமில்லாத ஆளிடம்தான் சோதிக்க முடியும்.

எனவே ‘பயிற்சி ஆட்டம்’ என்பதை அணிக்குள் நடப்பதற்கு விட்டுவிடலாம். வெளியணியோடு ஆடுவது சோதனை. என் பரிந்துரை ‘வெள்ளோட்டம்’. புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்பே, உற்சவரை ஏற்றாமல், வீதியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அச்சு எங்கே உரசுகிறது, எந்த முக்கில் திரும்பவில்லை என்பது அப்போதுதான் தெரியும். இந்த ஆட்டத்தின் வேலையும் அதுதான்.

நொய்யல் எழுதியது:

விளக்கம் அருமை. ஆனால் இரண்டு தடைகள் சொல்கிறேன்.

சிறு கல்லூரிகளிலிருந்து வந்த பெரிய புதுமைகள் பலவும் இந்த வெளியாட்டம் இல்லாமலே வந்தவை. மேற்கு வர்ஜீனியாவின் கிளென்வில் ஸ்டேட்டில் ரிச் ராட்ரிகஸ் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ஸோன் ரீட் (எண்டைத் தடுக்காமல் விட்டு, அவரைப் படித்துப் பந்தைக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று குவார்ட்டர்பேக் முடிவெடுப்பது), பயிற்சியில் குவார்ட்டர்பேக் கைமாற்றத்தில் தடுமாறி, எண்ட் உள்ளே பாய்வதைப் பார்த்துப் பந்தோடு வெளியே ஓடியதில் பிறந்தது என்பார்கள். எதிரே நின்றது சொந்தத் தற்காப்புதான். அயோவா வெஸ்லியனில் 1989இல் ஹால் மம்மியும் மைக் லீச்சும் தொடங்கி, 1992 முதல் வால்டோஸ்டா ஸ்டேட்டில் வளர்த்த ஏர் ரெய்டும் (பெரும்பாலும் பந்தை முன்னால் எறிந்து, அதாவது பாஸ் கொடுத்து, ஆடும் தாக்குமுறை) அப்படித்தான்: சில உத்திகள், அவற்றையே ஓயாமல் திரும்பச் செய்தல்.

அடுத்து, ‘வெள்ளோட்டம்’ முதன்முறை ஓடுவதற்கு. ஆண்டுதோறும் ஆடுவதை எப்படி அப்படிச் சொல்வது? ‘முன்னோட்டம்’ என்றால் என்ன?

மருதம் எழுதியது:

> எதிரே நின்றது சொந்தத் தற்காப்புதான்

கண்டுபிடிக்க அது போதும். கண்டுபிடித்தது நிற்குமா என்று பார்க்கப் போதாது.

ஏர் ரெய்டை ஆப்ஷனோடு சேர்த்துப் பார்க்க முடியாது. அது படிப்பது பின்வரிசைத் தற்காப்பாளர்களை. லைன்மேன்களே இல்லாமல், மோதலே இல்லாமல், ஏழுக்கு ஏழு வைத்தாலே அந்தப் படிப்பில் பெரும்பகுதியை உண்மையாகப் பழகலாம். ஆப்ஷன் படிப்பது முன்வரிசையில் முழு வேகத்தில் மோத வரும் ஆளை. மோதலை எடுத்துவிட்டால் படிக்க எதுவும் மிச்சமிருக்காது. ஆகவே வெளியணி ஆட்டத்தின் மதிப்பு எல்லா அணிக்கும் ஒன்றல்ல. பாஸ் அணிக்கு அது கூடுதல் வசதி. ஆப்ஷன் அணிக்கு அதைவிட்டால் பருவத்தின் முதல் போட்டிதான் சோதனைக்களம். ‘எல்லோருக்கும் அனுமதி’ அல்லது ‘யாருக்கும் வேண்டாம்’ என்று மொத்தமாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

‘முன்னோட்டம்’ சினிமா டிரெய்லருக்குப் போய்விட்டது. அதற்கு வேலை ஆளை ஈர்ப்பது. ஆண்டுதோறும் என்ற தடையைப் பொறுத்தவரை, கடைசி ஆண்டு மாணவர்கள் போனதும் லைனும் பின்வரிசையும் மாறிவிடும். கைமாற்றம் அந்தக் குவார்ட்டர்பேக்குக்கும் அந்த ஃபுல்பேக்குக்கும் இடையே உள்ள பழக்கம். ஒருவர் மாறினாலும் தேர் புதுசுதான்.

வன்னி எழுதியது:

வெள்ளோட்டத்துக்கு என் ஆதரவு. ஆனால் வரையறையில் எது சேரும், எது சேராது என்று எழுத, அந்த ஆட்டம் நடைமுறையில் எப்படி நடத்தப்படுகிறது என்று சொல்வீர்களா? கூட்டுப் பயிற்சிக்கும் இதற்கும் எல்லை எங்கே?

மருதம் எழுதியது:

கூட்டுப் பயிற்சியில் இரண்டு பயிற்சியாளர்களும் ஆட்டத்தை நிறுத்தி, திருத்தி, மறுபடி ஓட விடலாம். நடுவர் கையில் விசில் போனதும் அது வெள்ளோட்டம். எல்லை அவ்வளவுதான்.

நடத்தும் முறையை இரு தரப்பும் முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். கிக்காஃபும் பன்ட் ரிட்டர்னும் வேண்டாம். நீளமாக ஓடிவந்து மோதுவதால் காய ஆபத்து அதிகம், ஆப்ஷன் பற்றி அவை எதுவும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு தாக்குதல் தொடரையும் சொந்த 35 கெஜக் கோட்டில் தொடங்கிப் பத்து ‘பிளே’ (ஸ்னாப் முதல் விசில் வரை ஒரு பிளே) ஓடவிடலாம். முதல் அணிக்கு இருபது, இருபத்தைந்து பிளே போதும். பிறகு மூன்றாவது டவுன் (பத்து கெஜம் முன்னேறத் தரப்படும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), இரண்டு கெஜம் வேண்டும் என்ற நிலைமையைத் தனியாக நான்கைந்து முறை வைக்க வேண்டும்.

சிக்கல் குவார்ட்டர்பேக்கில்தான். அவரைத் தொடக்கூடாது என்று வைத்தால் எதிரணி எண்ட் அவரைப் பொருட்படுத்தவே மாட்டார், ஃபுல்பேக்கைக் கண்மூடிப் பிடிப்பார். ஆட்டம் மறுபடி பொய்யாகிவிடும். முதல் பன்னிரண்டு பிளேக்காவது அவரை முழுதாகப் பிடிக்க அனுமதிப்பது நல்லது. விளையாட்டு உதவித்தொகை தந்து வீரரைக் கொண்டுவர முடியாத டிவிஷன் 3 கல்லூரியில் முதல் குவார்ட்டர்பேக் முழங்கால் போனால் பருவமே போச்சு என்ற பயம் நியாயமானது. பன்னிரண்டோடு நிறுத்தச் சொல்வது அதனால்தான். பெட்டிக்குள் இடுப்புக்குக் கீழே தடுக்கப் போகிறோம் என்பதையும் எதிரணியிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கையால் தடுத்துக் காலைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகாதவர்கள்மேல் திடீரென்று பாய்வது தப்பு.

யாரை அழைப்பது? சொந்த கான்ஃபரன்ஸில் (பருவத்தில் தங்களுக்குள் மோதும் கல்லூரிக் குழுவில்) இல்லாத அணியை. இல்லாவிட்டால் செப்டம்பரில் பயன்படுத்தப்போவதை ஏப்ரலிலேயே படம்பிடிக்கக் கொடுத்தது போலாகும். நம் தற்காப்பு நால்வர் முன்வரிசை என்றால், மூவர் முன்வரிசை ஆடும் அணியை அழைக்க வேண்டும். யாரைத் தடுக்காமல் விடுவது என்ற கணக்கு அங்கே மாறுகிறது. டாக்கிள்கள் அதிகம் குழம்புவது அதில்தான்.

மதிப்பிடும்போது எத்தனை கெஜம் கிடைத்தது என்று பார்க்கவே கூடாது. தப்பாகப் படித்தும், எதிராளி வழுக்கியதால் முப்பது கெஜம் ஓடியிருக்கலாம். ஆடுகளத்தின் முனையிலிருந்து எடுக்கும் எண்ட் ஸோன் கேமராப் படத்தை வைத்துப் பிளேவுக்குப் பிளே நான்கு கட்டம் போதும்: முதல் படிப்பு சரியா, இரண்டாவது படிப்பு சரியா, பிட்ச் இடைவெளி சரியா, பந்து தரையைத் தொட்டதா.

பொருநை எழுதியது:

நல்லது. பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன். தடை இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.

‘வெள்ளோட்ட ஆட்டம்’: போட்டியில்லாப் பருவத்தில், வெற்றி தோல்விக் கணக்கில் சேராமல், வேறு அணியோடு நடுவர் முன்னிலையில் ஆடுவது. அணிக்குள் பிரிந்து ஆடுவது ‘உள்ளணி ஆட்டம்’. மருதம் மூன்று வரியில் விளக்கிய ‘தடுக்காமல் விட்டுப் படிக்கப்படும் ஆள்’ என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘குறியாள்’ என்று வைக்கிறேன். முதல் குறியாள், இரண்டாம் குறியாள் என்று எண்ணிச் சொல்லவும் வசதி.

வினைச்சொல்லில் மட்டும் கவனம்: அணிகள் ‘வெள்ளோட்ட ஆட்டம் ஆடின’ என்போம், புதிய தாக்குமுறையை ‘வெள்ளோட்டம் விட்டார்கள்’ என்போம்.

‘காட்சிப் போட்டி’யை நீக்கவில்லை. ஓய்வுபெற்ற நட்சத்திரங்கள் நிதி திரட்ட ஆடுவதற்கு அது அப்படியே இருக்கட்டும்.

நொய்யல் எழுதியது:

குறியாள் நன்று. தடையில்லை. பட்டியலைத் திறந்திருக்கும்போதே ‘பிட்ச்’சையும் பார்த்துவிடுங்கள். ‘வீச்சு’ ஏற்கெனவே பாஸுக்குப் போய்விட்டது. இது முன்னால் போகக்கூடாத, பக்கவாட்டிலோ பின்னாலோ போடும் பந்து. ‘பக்கவீச்சு’ பொருந்துமா?