வி-கிராஸ் பின்தொட்டிக்கு மூடி, மேலே ஏணி கேரியர்: இரண்டும் சேர்ந்து வருமா?

மொட்டைமாடி சோலார்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப், டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை), செகண்ட் ஹேண்டில் எடுத்தது. வேலை வீட்டு மாடிகளில் சோலார் பொருத்துவது. பின்னால் தினமும் ஏறுவது இன்வெர்ட்டர், டிசி ஒயர் சுருள், ட்ரில், கட்டிங் மெஷின், நட்டு போல்ட் டப்பாக்கள். கூடவே 12 அடி அலுமினிய ஏணி. சில நாள் பேனலைத் தாங்கும் அலுமினிய சேனல், 4.2 மீட்டர் நீளம்.

இப்போதைக்கு தார்ப்பாயும் கயிறும்தான். ஏணியைப் பின் டோரில் ஊன்றி கேபின் மேல் சாய்த்துக் கட்டுகிறோம், கூரையில் பெயிண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தார்ப்பாய் நடுவில் குளம் கட்டி, எந்த வழியாகவோ தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. ஒரு இன்வெர்ட்டர் அட்டைப்பெட்டி நனைந்து, வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.

ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் அலுமினிய ரோலர் ஷட்டர் போடச் சொன்னார்கள். ஆனால் அதைப் போட்டால் கேரியர் வராதாம். அடுத்த கடையில் மடிக்கும் ரெக்சின் மூடி போதும் என்றார்கள். புதுப்பேட்டைப் பக்கம் ஒரு வெல்டர், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கூண்டாக அடித்துத் தருகிறேன் என்கிறார். மூன்று பேர் மூன்று விதம். எதை முதலில் வாங்குவது? வண்டி நிற்பது கொட்டிவாக்கத்தில், திறந்த வெளியில், ஒரு புங்கமரத்தடியில்.

பாடி பட்டறை, அம்பத்தூர்

தம்பி, வாங்குவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

தொட்டிக்குள் பிளாஸ்டிக் லைனர் இருக்கிறதா? இருந்தால் அது பக்கச் சுவரின் மேல்விளிம்பையும் மூடி வெளியே மடிகிறதா, இல்லை விளிம்புக்குக் கீழேயே நின்றுவிடுகிறதா? கேபினுக்குப் பின்னால் குரோம் ஸ்போர்ட்ஸ் பார் இருக்கிறதா? தண்ணீர் முன்மூலையில் தேங்குகிறதா, பின் டோர் ஓரத்திலா?

இது தெரியாமல் எந்த மூடி என்று சொன்னால் அது குருட்டாம்போக்கில் சொல்வதுதான்.

மொட்டைமாடி சோலார்

பார்த்துவிட்டேன் அண்ணே. லைனர் மேல்விளிம்பை முழுவதும் மூடிக்கொண்டு வெளியே மடிகிறது. ஸ்போர்ட்ஸ் பார் இருக்கிறது, முன்னால் வைத்திருந்தவர் போட்டது. தண்ணீர் பெரும்பாலும் பின் டோர் பக்கம்தான். மழைக்குப் பிறகு லைனரைத் தூக்கிப் பார்த்தால் அடியிலும் ஈரம்.

டீசல் மணம்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்த வேலைக்கு வி-கிராஸே தப்பான வண்டி. ஒரு பொலிரோ பிக்கப்போ அசோக் லேலண்ட் தோஸ்த்தோ எடுத்து, பாடி கட்டும் இடத்தில் கூண்டு அடித்தால் கதை முடிந்தது. லைஃப்ஸ்டைல் வண்டியில் ஏணி கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

மொட்டைமாடி சோலார்

இதே வண்டியில்தான் சார் ஞாயிற்றுக்கிழமை குடும்பமும் போகிறது. மாற்றும் எண்ணம் இல்லை.

பாடி பட்டறை, அம்பத்தூர்

சரி, இப்போது பேசலாம்.

மூடி, கேரியர் இரண்டுக்கும் தேவை ஒரே இடம்தான்: தொட்டியின் பக்கச் சுவர், அதன் மேல்விளிம்பு. மடிக்கும் மூடியின் தண்டவாளம் உள்பக்கம் கிளாம்ப் போட்டு நிற்கும். கேரியரின் காலும் அதே விளிம்பைத்தான் கேட்கும். அதனால்தான் ஒவ்வொரு கடைக்காரரும் தன் சரக்கு மட்டும் வரும் என்கிறார். மூடிக்கு இடத்தை மாற்ற முடியாது. கேரியரின் காலை எங்கே ஊன்றுவது என்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே கேரியரை முதலில் முடிவு செய்யுங்கள், மிச்சமிருக்கும் இடத்தில் உட்காரும் மூடியை அதற்குப் பிறகு வாங்குங்கள்.

உங்கள் லைனர் விளிம்பை மூடுகிற வகை. அதன் மேல் எந்தக் கிளாம்ப்பைப் போட்டாலும் பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும், தகரத்தைப் பிடிக்காது. வெயிலில் பிளாஸ்டிக் இளகினால் கிளாம்ப் தளரும், மூடி ஆடும், ரப்பர் பீடிங் சரியாகப் படியாது. கிளாம்ப் வரும் இடங்களில் லைனரை வெட்டி எடுங்கள், அல்லது விளிம்புக்குக் கீழே நிற்கும் லைனராக மாற்றுங்கள். லைனரைக் கழற்றும்போது அடியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே தேங்கும் ஈரத்தை யாரும் பார்ப்பதில்லை. லைனர் உரசிப் பெயிண்ட் போயிருந்தால் ஜிங்க் பிரைமர் அடித்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

ஸ்போர்ட்ஸ் பாரைக் கழற்றிவிடுங்கள். ஏணி தாங்க அது உதவாது, முன்பக்கம் மூடி உட்காரும் இடத்தையும் அது அடைத்துக்கொள்ளும்.

ஈசிஆர்வாசி

ரோலர் ஷட்டருக்கு நான் கட்சி. பூட்டலாம், இழுத்தால் மூடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். கேரியர் வராது என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. சில மாடல்களில் பக்கத் தண்டவாளத்தின் மேலேயே போல்ட் நுழைக்கும் காடி இருக்கும், குறுக்குக் கம்பியை அதில் மாட்டலாம். காடி இல்லாத மாடல் என்றால்தான் வராது.

ஆனால் இரண்டு குறை. ஷட்டர் சுருளும் பெட்டி கேபின் பக்கம் ஏறக்குறைய ஒரு அடியைத் தின்றுவிடும். உங்கள் தொட்டி நீளம் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு, அதில் ஒரு அடி போனால் இன்வெர்ட்டர் பெட்டியை எங்கே வைப்பீர்கள்? இன்னொன்று, அந்தப் பெட்டிக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் இரண்டு மெல்லிய குழாய் வழியாகத்தான் கீழே போகும். புங்கமரத்தடியில் நிறுத்துகிறீர்கள். பூ உதிரும் காலத்தில் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் ஷட்டர் பெட்டியே தொட்டியாகிவிடும். அடிக்கடி மென்கம்பி விட்டுக் குத்த வேண்டும்.

பாடி பட்டறை, அம்பத்தூர்

ஈசிஆர்வாசி சொன்ன காடி விஷயம் சரி. ஆனால் இவருக்கு இழக்க ஒரு அடி கிடையாது. மடிக்கும் மூடிதான் இவருக்கு. ஒற்றைப் பலகையாகத் தூக்கும் ஃபைபர் மூடி வேண்டவே வேண்டாம், மேலே கேரியர் இருந்தால் அதைத் திறக்கவே முடியாது.

மடிக்கும் மூடியிலும் ஒரு அளவு முக்கியம். மூன்று மடிப்பு என்றால் ஒரு பலகை சுமார் அரை மீட்டர். மடிக்கும்போது அது செங்குத்தாக எழுந்து மறுபக்கம் விழும். கேரியரின் குறுக்குக் கம்பிக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே அந்த அரை மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும். கேபின் கூரைக்குச் சற்று மேலே வரும்படி கேரியர் அடித்தால் இது தானாகவே கிடைத்துவிடும். இருந்தாலும் டேப் வைத்து அளந்துவிட்டு வெல்டரிடம் போங்கள்.

ரெக்சினா, அலுமினியப் பலகையா? ரெக்சின் மலிவு, ஆனால் பிளேடால் கிழித்துவிடலாம். கருவிகளை ராத்திரி வண்டியிலேயே விடுவீர்களென்றால் அலுமினியம். பின் டோருக்கும் பூட்டு வேண்டும். மூடியை மட்டும் பூட்டிவிட்டு டோரைத் திறந்து கிடக்க விட்டவர்கள் எத்தனையோ பேர்.

மொட்டைமாடி சோலார்

அண்ணே, ஏணி கேபின் மேல் நீட்டிக்கொண்டு வருமே. கூரையில் ஒரு கேரியர், தொட்டியில் ஒரு கேரியர் என்று இரண்டாகப் போடட்டுமா? அப்புறம், பேனலையும் மேலே படுக்கவைத்துக் கொண்டுபோகலாமா? 540 வாட் பேனல், 3 கிலோவாட் வீட்டுக்கு ஆறு.

பாடி பட்டறை, அம்பத்தூர்

இரண்டாகப் போட்டு, ஏணியை இரண்டிலும் இறுக்கிக் கட்டாதீர்கள். சேசிஸ் மேல் கேபின் தனி, தொட்டி தனி. மேடு பள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடும், குறையும். ஏணி இரண்டையும் பிணைத்திருந்தால் அந்த முறுக்கு கூரையில் மாட்டிய கால்களில் இறங்கும். சுமை முழுவதும் தொட்டிக் கேரியரிலேயே நிற்கட்டும். முன் குறுக்குக் கம்பி கேபினைத் தொடாமல் சற்று முன்னே நீளட்டும். கூரையில் ஏதாவது வைத்தே ஆக வேண்டுமானால் ரப்பர் போட்ட ஒரு தாங்கு மட்டும் போதும், அதில் கட்டக் கூடாது.

நீளத்தைப் பாருங்கள். வண்டி மொத்தம் ஏறக்குறைய 5.3 மீட்டர். ஏணியின் பின்முனையைப் பம்பரோடு சமமாக வைத்தால் 12 அடி, அதாவது 3.66 மீட்டர், கண்ணாடிக்கு முன்னால் கொஞ்சம் அந்தரத்தில் நிற்கும். 4.2 மீட்டர் சேனலும் பானெட் முனையைத் தாண்டாது. பின்னால் நீட்டுவதை விட இதுதான் நல்லது.

பேனல் வேண்டாம். அந்த அளவுப் பேனல் சுமார் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், ஒன்று 28 கிலோவை ஒட்டி வரும். ஆறு சேர்த்தால் 170 கிலோ கேரியர் மேல். படுக்கவைத்துக் கட்டினால் காற்று அடியில் புகுந்து தூக்கும், குலுங்கும்போது செல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பேனலை நிமிர்த்திக் கட்டி ஒரு சின்ன யானையில் (டாடா ஏஸ்) அனுப்பிவிடுங்கள்.

ஆர்சி புக்

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. அதனால் பாடியோடு சேர்த்து வெல்டிங் அடிக்கும் கூண்டு யோசனையை விட்டுவிடுங்கள். எல்லாம் போல்டில் நிற்கட்டும், கழற்றினால் வண்டி பழையபடி இருக்கட்டும்.

நீட்டிக்கொண்டு போகும் சுமைக்கு 194(1ஏ) பிரிவு இருக்கிறது. பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவை மீறினால் 20,000 ரூபாய் அபராதம், சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். ஒரு நாள் வேலைக்கு வரும் லாபம் அதில் போய்விடும். ஏணி வண்டி நீளத்துக்குள் இருக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட், பிரேக் லைட் எதையும் மறைக்கக் கூடாது.

எடையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் காலி எடை, மொத்த எடை இரண்டும் இருக்கும். கழித்தால் வருவது ஆட்களும் சரக்கும் சேர்ந்து. ஐந்து பேர் உட்கார்ந்தாலே 350 கிலோ போய்விடும். மிச்சத்தில் கேரியர், மூடி, ஏணி, இன்வெர்ட்டர் எல்லாம் அடங்க வேண்டும். இன்சூரன்ஸில் கேரியர், மூடி இரண்டையும் துணைப்பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

ஈசிஆர்வாசி

கடல் காற்றை யாரும் சொல்லவில்லையே. கொட்டிவாக்கத்தில் சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பைப்பை பெயிண்ட் மட்டும் அடித்து விட்டால் வெல்டிங் மூட்டில்தான் முதலில் துரு எட்டிப்பார்க்கும். எம்.எஸ்.தான் என்றால் ஹாட் டிப் கால்வனைசிங் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பது) செய்து, அதன் மேல் பவுடர் கோட்டிங் கொடுங்கள். குழாயின் இரண்டு முனையையும் அடைத்துவிட்டு கால்வனைசிங்குக்கு அனுப்பக் கூடாது. உள்ளே அடைபட்ட காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து வெடித்துவிடும். ஓட்டைகளை முன்பே போட்டுவிட வேண்டும்.

மூடி அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் நேராகத் தொடவிடாதீர்கள். உப்புக்காற்றில் இரண்டும் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் பொடிந்து வெள்ளையாக உதிரும். நடுவில் நைலான் வாஷர் போடுங்கள்.

மொட்டைமாடி சோலார்

நிறையத் தெளிவு கிடைத்தது. முடிவு இப்படி: ஸ்போர்ட்ஸ் பார் கழற்றல், லைனர் மாற்றம், போல்டில் நிற்கும் கேரியர், பிறகு அலுமினிய மூன்று மடிப்பு மூடி. பேனல் சின்ன யானையில். ஒரே சந்தேகம், இதெல்லாம் செய்தால் பின் டோர் பக்கம் வரும் தண்ணீர் நின்றுவிடுமா?

பாடி பட்டறை, அம்பத்தூர்

மூடியால் அது நிற்காது. பின் டோருக்கும் தொட்டித் தரைக்கும் நடுவே கம்பெனியிலேயே இடைவெளி விட்டிருப்பார்கள், தரையைக் கழுவினால் தண்ணீர் வெளியே போகத்தான். வண்டி ஓடும்போது அதே வழியாகத் தூசியும் சாரலும் உள்ளே இழுக்கும். டோரின் மூன்று பக்கமும் ஈ.பி.டி.எம். ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். எங்கே படியவில்லை என்று தெரிய, பீடிங் மேல் கோலமாவு தடவி டோரை ஒரு தடவை சாத்தித் திறங்கள். மாவு ஒட்டாத இடத்தில்தான் சந்து இருக்கிறது. மூடியின் பீடிங்குக்கும் இதே சோதனை.

அதற்கு மேலும் நூற்றுக்கு நூறு என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். இன்வெர்ட்டரை மூடி போட்ட பிளாஸ்டிக் கிரேட்டில் வைத்து, அடியில் இரண்டு மரச்சட்டம் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். ட்ரில் பேட்டரியைக் கேபினுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் மூடியின் அடியில் இருக்கும் சூடு அதற்கு ஆகாது.

கேரியர் காலுக்கு ஓட்டை போடும்போது மேல்விளிம்பில் போடாமல் உள்சுவரில் போடச் சொல்லுங்கள். அந்தத் தகரம் மெல்லியது, வெறும் வாஷர் போட்டால் போல்ட் பிய்த்துக்கொண்டு வரும். பின்னால் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டைத் தகடு வேண்டும். ஓட்டை விளிம்பில் பிரைமர், அதன் மேல் சீலன்ட். முதல் வாரம் ஓட்டிவிட்டு எல்லா போல்டையும் மறுபடி முடுக்குங்கள்.

மொட்டைமாடி சோலார்

சரி அண்ணே. திங்கள்கிழமை லைனரைக் கழற்றிவிட்டு அடியில் என்ன இருக்கிறது என்று போட்டோ போடுகிறேன்.

டீசல் மணம்

துரு ஓட்டை வரை போயிருந்தால் பொலிரோ பற்றி மறுபடி பேசலாம்.