தினசரி லாக் அறிக்கையில் ஒரே செய்தி ஆயிரக்கணக்கில்: எப்படிச் சுருக்குவது?

கேள்வி: இரவுப்பணி

வணக்கம். 9 லினக்ஸ் சர்வர்களைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலை எல்லா லாகும் (சர்வர்கள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவுகள்) சேர்ந்து ஒரே மெயிலாக வரும், பதினோராயிரம் வரிக்குக் குறையாது. முக்கால்வாசி, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் யாரோ பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுத் தோற்ற வரிகள். லாகைச் சேகரிக்கும் ஆர்சிஸ்லாகில், திரும்பத் திரும்ப வரும் செய்தியைச் சுருக்கும் ரிப்பீட்டட் மெசேஜ் ரிடக்‌ஷனைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. பிறகு எழுத்துகளை மாற்றும் செட் (sed) கட்டளையால் எல்லா எண்களையும் ஒரே குறியாக்கி, சார்ட், யூனிக் கட்டளைகளை வைத்து ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணி, அதிக எண்ணிக்கை மேலே வரும்படி அடுக்கினேன். 110 வரியாகிவிட்டது.

போன வாரம் ஒரு ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. அறிக்கையைத் திரும்பப் பார்த்தால் டிஸ்கின் நிலையைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டீயின் எச்சரிக்கை மூன்று வாரமாகவே அதில் இருக்கிறது, பக்கத்தில் 48 முறை என்று. தினமும் அதே 48 என்பதால் கண் பழகிப்போய்த் தாண்டிவிட்டேன். மனசு ஆறவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: பழைய சிஸ்அட்மின்

ரிடக்‌ஷன் ஏன் வேலை செய்யவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்து வரும், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும் செய்திகளைத்தான் அது சேர்க்கும். எஸ்எஸ்ஹெச் வரியில் இணைப்புக்கான போர்ட் எண் ஒவ்வொரு முறையும் மாறும், நடுவில் வேறு புரோகிராமின் வரியும் புகும்.

டிஸ்க் விஷயம்தான் முக்கியம். ஸ்மார்ட்டீ இயல்பாக 1800 விநாடிக்கு ஒருமுறை சோதிக்கும், ஒரு நாளைக்கு 48 முறை. நீங்கள் தினமும் பார்த்த 48 கடிகாரத்தின் கணக்கு, டிஸ்கின் நிலைமையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. படிக்க முடியாத செக்டார் (டிஸ்கின் சிறு பகுதி) எத்தனை என்பது அந்த வரிக்குள்ளேயே இருந்தது. அதைத்தான் செட் அழித்துவிட்டது.

பிராசஸ் ஐடி (ஓடும் புரோகிராமின் எண்), போர்ட் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கலாம். ஐபி முகவரியை அழித்தாலும் எத்தனை வெவ்வேறு முகவரிகள் என்று எண்ணி வையுங்கள். ஒரே முகவரியிலிருந்து 8000 முயற்சி என்பதும் 8000 முகவரிகளிலிருந்து தலா ஒன்று என்பதும் வேறு வேறு தாக்குதல். செக்டார் எண்ணிக்கை, வெப்பநிலை, மீதமுள்ள இடம் போன்றவற்றில் கை வைக்கவே கூடாது. அந்த வரிகளுக்கு நாளின் முதல் மதிப்பையும் கடைசி மதிப்பையும் காட்டுங்கள். எது எந்த வகை என்பதை ஒவ்வொரு செய்தியாக உட்கார்ந்துதான் பிரிக்க வேண்டும். எனக்கு இரண்டு நாள் பிடித்தது, அதற்குக் குறுக்கு வழி தேடாதீர்கள்.

இன்னொன்று. செக்டார் எண்ணிக்கை கூடும்போது ஸ்மார்ட்டீ அதே வரியின் கடைசியில் ‘சேஞ்ச்ட்’ என்று எவ்வளவு கூடியது என்பதையும் சேர்க்கும். அந்த நாளில் 48 என்பது 47 ஆகி, பிரிந்த ஒரு வரி 1 என்ற எண்ணோடு அடியில் போயிருக்கும். தேடிப் பாருங்கள். நான் அரிதானதை மேலே வைத்துத்தான் அடுக்குவேன், நேற்று வரை வராத வடிவம் என்றால் எல்லாவற்றுக்கும் முதலில்.

பதில்: கர்னல்வாசி

மேலே சொன்னது அத்தனையும் சரி. லாகைச் சேகரிக்கும் இன்னொரு புரோகிராமான ஜர்னல்டீ வழியாக லாக் வருகிறதென்றால் எண்ணிக்கையை முழுதாக நம்பாதீர்கள். ஒரு சர்வீஸ் 30 விநாடிக்குள் ஏறத்தாழ 10,000 செய்தியைத் தாண்டினால், மிச்சத்தை அது எழுதாமலே விட்டுவிட்டு, ‘சப்ரஸ்ட்’ என்று ஒரு வரி போடும். லினக்ஸின் மையமான கர்னலிலும் இதேபோல் ‘கால்பேக்ஸ் சப்ரஸ்ட்’ வரும். இந்த வரிகளை அறிக்கையிலிருந்து ஒருபோதும் வடிகட்டாதீர்கள்.

வடிவங்களைத் தானாகப் பிரிக்க 2017-இல் வெளியான டிரெயின் (Drain) அல்காரிதம் இருக்கிறது, பைத்தானில் டிரெயின்3. எந்த எண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதை அதற்கும் நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

பதில்: இரவுப்பணி

சார், தேடினேன். அறிக்கையின் கடைசியிலிருந்து மூன்றாவது வரி, எண்ணிக்கை 1. நீங்கள் சொன்னபடியே அன்றைக்கு மற்றது 47. பழைய லாகைப் புது முறையில் ஓட்டியதில் அந்த டிஸ்கின் செக்டார் வரி முதல் நாள் 8, ஒரு வாரம் கழித்து 16, படுப்பதற்கு முந்தின நாள் 104 என்று மேலேயே வந்து நிற்கிறது. மற்ற 8 சர்வருக்கும் இன்றைக்கே ஓட்டிவிட்டேன். இன்னொன்றில் 8 இருக்கிறது. பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் டிஸ்கை மாற்றுகிறேன்.