ஆறு பேரும் இறந்த பிறகு டொனால் தாமஸ் ஏன் விட்டுவிடவில்லை?

கேள்வி: அறுபத்துநான்காம்நாள்

எனக்கு 29 வயது. லுகேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய். தங்கையின் ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்கள்) ஏற்றி இன்றோடு 64 நாள். அன்றைக்கு வந்தது ஒரே ஒரு சின்னப் பை, தக்காளி ரசத்தின் நிறம். கையில் ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றினார்கள், அவ்வளவுதான். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "இந்த வழியைத் திறந்தவரின் முதல் ஆறு நோயாளிகளும் பிழைக்கவில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. ஆறு பேரும் போன பிறகு ஒரு மனிதர் எப்படித் தொடர்ந்தார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வார்டு மாலதி

தம்பி, பதினொரு வருடமாக டிரான்ஸ்பிளான்ட் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். உங்கள் டாக்டர் சொன்னது டொனால் தாமஸை; மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வழி திறந்த அமெரிக்க மருத்துவர். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் ஸ்டெம் செல் இருக்கிறது. அவரைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்.

டாக்டர் சொன்னது உண்மை. நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊர். 1957-இல் அங்கிருந்து அவர் வெளியிட்ட கட்டுரையில் மஜ்ஜை ஏற்றிய ஆறு நோயாளிகள். யாரும் நூறு நாளைத் தாண்டவில்லை. பிறகு லுகேமியா வந்தவர்களுக்கு, அவர்களோடு ஒரே உருவில் பிறந்த இரட்டையரின் மஜ்ஜையைக் கொடுத்துப் பார்த்தார். மஜ்ஜை பிடித்துக்கொண்டது. ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பிவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதற்கு அடுத்த வருடங்களில் இருக்கிறது. அவர் மனிதர்களிடம் செய்வதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு நாய்களிடம் போனார். எனக்கு அவர்மேல் மரியாதை வருவது இங்கேதான். பல ஆய்வாளர்கள் இது நடக்காது என்று கைவிட்ட காலம் அது. 1963-இல் சியாட்டிலுக்கு மாறிய பிறகும் நாய்கள்தான். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் திசு பொருந்துகிற இரண்டைத் தேர்ந்தெடுத்து, மஜ்ஜை மாற்றிய பிறகு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்தால் நாய்கள் நீண்ட நாள் வாழ்கின்றன என்று அவர் குழு காட்டியது.

உங்களுக்கும் 1, 3, 6, 11-ஆம் நாட்களில் அதே மருந்தை, அந்த மஞ்சள் ஊசியைப் போட்டிருப்பார்களே? தங்கையின் அணுக்கள் உங்கள் உடம்பைத் தாக்காமல் இருக்கத்தான் அது. அந்த நாய்களிடமிருந்து வந்தது.

அறுபத்துநான்காம்நாள்

ஆமாம் அக்கா, அந்த ஊசிதான்! வாயெல்லாம் புண்ணாகி கஞ்சித்தண்ணி கூட இறங்கவில்லை. பதினொன்றாம் நாள் ஊசி வேண்டாம் என்று அழுதேன். இது தெரிந்திருந்தால் அழுதிருக்க மாட்டேனோ என்னவோ.

வார்டு மாலதி

அழுவதில் தப்பே இல்லை தம்பி. எல்லோரும் அழுவார்கள்.

பதில்: உயிரியல் டீச்சர்

1977-இல் வந்த கட்டுரையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு எந்த மருந்துக்கும் மசியாமல் முற்றிப்போன லுகேமியா உள்ள 100 பேருக்கு, உடன்பிறந்தவர்களின் மஜ்ஜையைக் கொடுத்தார்கள். 13 பேர் நோயில்லாமல் வாழ்ந்தார்கள். நோய் முற்றும்வரை காத்திருக்காமல், கீமோவில் அடங்கியிருக்கும்போதே செய்யலாம் என்று அடுத்து துணிந்தார்கள். அப்புறம்தான் பிழைப்பவர்கள் எண்ணிக்கை உயர்ந்தது. இன்று உங்களுக்குச் செய்வதும் அந்த முறையில்தான்.

இன்னொருவரையும் விட்டுவிடக் கூடாது. அவர் மனைவி டாட்டி. பத்திரிகைப் படிப்பை விட்டுவிட்டு ஆய்வுக்கூட வேலை கற்றுக்கொண்டவர். கணவரோடு ஆய்வுக்கூடத்தில் நின்றவர், அவர் கட்டுரைகளைத் திருத்தியவர். 1990 நோபல் பரிசு தாமஸுக்கும், சிறுநீரக மாற்று செய்த ஜோசப் மர்ரேவுக்கும் போனது. டாட்டியின் பெயரும் அதில் இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அறுபத்துநான்காம்நாள்

இதையெல்லாம் தங்கைக்கு போனில் படித்துக் காட்டினேன். எனக்காக ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, எலும்பெல்லாம் வலிக்க, ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்கும் மெஷின் பக்கத்தில் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்தவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: மஜ்ஜை கொடுத்த குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

வார்டு மாலதி

கொடுத்ததால் ஒன்றும் ஆகாது என்று சொல்லுங்கள். எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் தானே ஊறிவிடும், அவளுக்கும் அப்படித்தான். அவளுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை எடுத்தாயிற்றா?